பழியை வெயில்மேல் போடு

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கிலாந்தில் யாருக்கும் நோய் வருவதில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குக் காலையில் கூட வேலை செய்பவர்களிடமிருந்து போன் வரும். "அண்டர் த வெதர்" என்பார்கள். வானிலைக்கு அடியில் கிடக்கிறார்களாம். உடம்பு சரியில்லை, இன்று வரமாட்டேன் என்று அர்த்தம். வந்த புதிதில் அப்படிச் சொன்ன ஒருத்தனிடம், "காய்ச்சலா, வயிற்றுப்போக்கா?" என்று கேட்டுவிட்டேன். மேனேஜர் லிண்டா என்னைத் தனியே கூப்பிட்டு, அப்படியெல்லாம் நோண்டக் கூடாது என்றாள். அந்த மூன்று வார்த்தை போதுமாம். வேலை அப்படியே இருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் எனக்கும் தம்பி சேகருக்கும் அப்படி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இரும்பு உருக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஒருநாள் காய்ச்சலோடு கேட்டில் நின்றேன். காண்ட்ராக்டர் சிரித்தான். "இன்னா நைனா, நோவா? ஊட்லயே இரு. உன் எடத்துக்கு ஆளு கீது." காய்ச்சலோடே உள்ளே போய் உலை முன்னால் நின்றேன்.

நான் இங்கே வந்துவிட்டேன். சேகர் அதே உலையில்தான் இருக்கிறான். போன மழைக்காலத்திலிருந்து இருமுகிறான். போன வாரம் வீடியோவில் பேசும்போது அவன் கர்சீப்பில் ரத்தம் பார்த்தேன்.

"இன்னாடா அது?"

"வெயிலுண்ணா. ஒத்துக்கல."

"மழைல மழைன்ன. பனில பனின்ன. இப்ப வெயிலா? அந்த உலைப் புகைய மட்டும் வாயால சொல்ல மாட்டியா? லீவு போட்டு எக்ஸ்ரே எடுறா."

"நீ அங்க குளுருல குந்திக்கினு சொல்லுவ. எக்ஸ்ரேல எதுனா கீதுன்னா எவன் என்னை உள்ள வுடுவான்? வெயிலுன்னா வுடுவான்."

வைத்துவிட்டான்.

மறுநாள் காலை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை. அழுகையும் வரவில்லை. லிண்டாவுக்குப் போன் போட்டேன். என் தம்பி ரத்தம் துப்புகிறான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மூன்று வார்த்தைதான் வந்தது. "ரெஸ்ட் எடு, லவ்" என்றாள், இங்கே யாரையும் கூப்பிடுவதுபோல. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

ஜன்னலில் மழை. என் போனில் இரண்டு ஊர் வானிலையும் தெரியும். கும்மிடிப்பூண்டியில் வெயில். அங்கே மதிய ஷிப்ட் நேரம். சேகருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்திருப்பார்கள். அவன் போட வேண்டிய லீவைப் போட்டுக்கொண்டு நான் போர்வைக்குள் கிடந்தேன்.