லாபம் முதல் இருபது வரை

அந்த வருடம் பூமி எங்கள் இரண்டு பேரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாக இழுத்தது. மற்றவர்களுக்கெல்லாம் 9.8 வந்தது. எனக்கும் பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழிக்கும் 10.8. தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு ஸ்டாப் கிளாக். குண்டு போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். பி.எஸ்சி. முதல் வருடமே முடித்திருக்க வேண்டியதை, மூன்றாம் வருடத்தில் அரியராகச் சுமந்துகொண்டிருந்தோம்.

அரியர் வந்ததற்கு முழுக் காரணமும் நான்தான். முதல் தடவை குண்டை ஆட்டவே இல்லை. 9.8-இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரங்களை எழுதினேன். நிஜம்போல இருக்கட்டும் என்று அங்கங்கே புள்ளியை ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து வேறு வைத்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ஒரே ஒரு ரீடிங் என் முன்னாடி எடு” என்றார். கடிகாரம் நான் எழுதிய நேரத்தோடு ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுதிய தோழியும் சேர்ந்து மாட்டினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் திட்டுவதற்காகப் பேசினாள், அதிலேயே சமாதானம் ஆகிவிட்டோம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூனுக்குள் அரியர் இல்லாத டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். எனக்கு அந்த வேலை வெறித்தனமாக வேண்டியிருந்தது. தோல் மீது காதல் ஒன்றும் இல்லை. பள்ளிகொண்டாவில், கோயிலுக்குப் போகும் தெருவில் அப்பாவின் பொரிக்கடையிலேயே காலம் பூராவும் உட்கார்ந்துவிடுவேனோ என்று பயம்.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காக ஆட்டிப் பார்த்தோம். 10.8. நூலைச் சின்னதாக்கினோம். 10.8. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்த்து வழிந்துகொண்டு பார்த்தோம். அப்போதும் 10.8. தோழி ஷூ தைக்கிற நூலைக் கொண்டுவந்தாள். அதுவும் எங்கள் சொல்பேச்சு கேட்கவில்லை. தப்பான விடையை அவ்வளவு துல்லியமாக எடுத்தவர்கள் அந்த ஆய்வகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

“ஏம்மா பேஜார் பண்றீங்க? 9.8ன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க” என்றார் ஆய்வக உதவியாளர். எனக்குக் கை பரபரத்தது.

“ஒரு வாட்டி உன்ன நம்பிப் போனது போதும்டி” என்றாள் தோழி.

எண்ணிக்கையையும் சந்தேகப்பட்டோம். அவள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் தோல் எண்ணுகிறவர். அங்கே முதல் தோலை ஒன்று என்று சொல்வதில்லை, பெருகட்டும் என்று ‘பரக்கத்’ என்பார்கள். எங்கள் கடையில் முதல் படிப் பொரிக்கு ‘லாபம்’. ஆகவே நான் லாபம், ரெண்டு, மூணு என்றும், அவள் பரக்கத், தோ, தீன் என்றும் தனித்தனியாக எண்ணினோம். கணக்கு அச்சாக ஒத்துப்போனது. சரி, எண்ணிக்கையில் குறை இல்லை என்று அதை விட்டுவிட்டோம்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு கடையில் ஒரு அம்மா நாலு படிப் பொரி கேட்டார். படியை முகந்து பையில் கவிழ்த்துவிட்டு “லாபம்” என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது.

இங்கே கவிழ்த்த பிறகு லாபம் சொல்கிறேன். ஆய்வகத்தில் குண்டை விடும்போதே சொல்லித் தொலைத்திருக்கிறேன். ஒரு பொரிகூட பையில் விழவில்லை, அதற்குள் லாபம்! எங்கள் இருபது, உண்மையில் பத்தொன்பது.

“இன்னாம்மா சிரிக்கிற? அளவு கம்மியா?” என்று அந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு கை கூடவே போட்டு அனுப்பிவிட்டுத் தோழிக்கு போன் செய்தேன். பரக்கத், தோ என்று போனிலேயே எண்ணிப் பார்த்தாள். அப்புறம், “யா அல்லா, நானும் அப்டித்தான்டி எண்ணுனேன்” என்றாள்.

தேர்வன்று வந்தவர் அதே தேர்வாளர். ஒரு மீட்டர் நூல். குண்டை விடும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். போய்த் திரும்பி வந்த பிறகுதான் வாயைத் திறந்து லாபம் சொன்னேன். இருபது அலைவுக்கு 40.2 விநாடி. விடை 9.77. அதை 9.8 ஆக்க எனக்கு அரை நிமிடம் போதும், பழகிய கை. ஆனால் தொடவில்லை.

அவருக்கு என் முகம் ஞாபகம் இருந்தது. கடிகாரத்தை வாங்கி, தானே குண்டை விட்டு, “ஒண்ணு” என்று தொடங்கினார். இருபதில் நிறுத்தினார். 38.2.

“மறுபடியுமா?” என்றார்.

ஆம்பூர் வேலை கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. தேர்வாளரைத் தப்பு என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் பொரிக்கடை வாய்தான் சொன்னது. “சார், நீங்க விடும்போதே ஒண்ணு சொல்லிட்டீங்க. எங்க கடைல படியக் கவுத்த அப்புறம்தான் சார் லாபம் சொல்வோம்.”

பக்கத்து மேசையில் தோழி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். தேர்வாளர் என்னையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மறுபடி இழுத்து விட்டார். இந்தத் தடவை வாய் திறக்கவில்லை. குண்டு அந்தப் பக்கம் போய், திரும்பி அவர் கைப்பக்கம் வந்தது.

“லாபம்” என்றார்.

கடிகாரம் 40.3-இல் நின்றது. புள்ளியில் ஒன்று வித்தியாசம். அதை அவரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. என் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.