காபிக்குப் பிடுங்கிய பிளக்

தட்டச்சு அக்காவுக்குத் தினமும் காலை பதினொரு மணிக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்த நேரத்தில்தான் நாத்தனார் பைண்டிங் வேலையை நிறுத்திவிட்டு, சுவரோரம் குனிந்து, ஃபைல்களுக்கு நகல் எடுத்து வைக்கும் தனி ஹார்டு டிஸ்கின் பிளக்கைப் பிடுங்கி, வெந்நீர் கெட்டிலை மாட்டுவாள். அந்தக் கடையில் இருப்பதே மூன்று பிளக் பாயிண்ட்.

"பிடுங்காதேன்னு எத்தன தடவ சொல்றது? என் உழைப்பு மொத்தமும் அதுலதான் இருக்கு."

"காலையிலயே எல்லாத்தையும் அதுல ஏத்தியாச்சே அண்ணி. இப்ப அது சும்மாதானே கெடக்கு?"

அந்த வீம்பில் அக்கா அவள் போடும் காபியைத் தொடுவதே இல்லை.

ஊரார் ஃபைல்களை வாங்கிப் பக்கம் அமைப்பவளுக்குச் சந்தேகப் புத்தி இருந்தே ஆக வேண்டும். மெயிலில் எதிர்பாராத இணைப்பு வந்தால், தெரிந்தவர் பெயரில் வந்தாலும், போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்ட பிறகே திறப்பாள். வாடிக்கையாளர்கள் அவளுக்குப் போலீஸ் அக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள்தான் அன்று ஏமாந்தாள்.

எட்டு வருடம் பறவைக் கூடுகளைப் பற்றி ஆராய்ந்து டீச்சர் ஒருவர் எழுதிய ஆய்வேட்டை அக்கா அடித்து முடித்திருந்தாள். மறுநாள் மாலை ஐந்துக்குள் கொடுத்தாக வேண்டும். கடைசித் திருத்தத்தை டீச்சர் மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்று பத்துக்கு டீச்சர் பெயரில் மெயில் வந்தது. 'பார்க்கவும்' என்ற ஒரே சொல், கீழே ஒரு ஃபைல். அக்கா திறந்தாள். இதை இயக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவசரத்தில் சரி என்று அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் கண் திறந்தது. டீச்சர் நலம் விசாரிக்காமல் ஒரு வரி எழுத மாட்டார். ஃபைல் பெயரில் பிடிஎஃப் என்பதோடு முடியாமல் அதற்குப் பின்னாலும் மூன்றெழுத்து ஒட்டியிருந்தது. பிடிஎஃப் எதற்கு இயங்க அனுமதி கேட்கிறது? நெட் கேபிளை உருவினாள். அதற்குள் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை.

டீச்சரின் கைப்பிரதி இருந்தது. ஆனால் முந்நூற்றுப் பத்துப் பக்கத்தை ஒரே நாளில் திரும்ப அடிக்க இருபது கை வேண்டும்.

சர்வீஸ்காரர் வந்து பார்த்தார். முதலில் கேட்டது: "வேற எதாவது டிஸ்க் மாட்டியிருந்துச்சா? இருந்தா அதுவும் போயிருக்கும்."

அக்கா சுவரைப் பார்த்தாள். கெட்டில் கொதித்து அடங்கியிருந்தது. பக்கத்தில் டிஸ்க், பிளக் இல்லாமல், தேமே என்று கிடந்தது.

"இல்லைங்க," என்றாள் நாத்தனார் மெதுவாக. "நான் பிடுங்கிட்டேன்."

அவர் கம்ப்யூட்டரில் இருந்ததை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் டிஸ்கை மாட்டவிட்டார். கூடுகள் அத்தனையும் படத்தோடு, பக்க எண்ணோடு பத்திரமாக இருந்தன. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மறைக்காமல் டீச்சருக்குப் போன் செய்தாள். "தப்பு என்னோடதுங்க. உங்கள ஒரு வார்த்த கேக்காம திறந்துட்டேன்."

"என் மெயிலுக்குள்ள எவனோ பூந்துட்டாம்மா. காலையிலேருந்து தெரிஞ்சவங்க எல்லாரும் கூப்பிடறாங்க. இப்பதான் பாஸ்வேர்டை மாத்தினேன். ஏடு இருக்கா?"

"இருக்குங்க."

டீச்சர் கடைசித் திருத்தத்தைப் போனிலேயே படித்துச் சொன்னார். அக்கா முழு ஏட்டையும் பூட்டி, சரிபார்க்க அவருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, பாஸ்வேர்டைப் போனில் சொன்னாள்.

மறுநாள் காலை ஏடு அச்சாகிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு நாத்தனார் கெட்டிலோடு வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றாள். அக்கா எழுந்து, தானே குனிந்து, டிஸ்கின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"எனக்கும் ஒண்ணு போடு. சர்க்கரை தூக்கலா."