பேச்சியம்மாள் கண்ட ஒன்றரை அடி

போன செவ்வாய்க்கிழமை காலையில் சாத்தூரிலிருந்து போன் வந்தது. பேச்சியம்மாள் போய்விட்டாள், மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம். முப்பத்திரண்டு சாகிற வயதா? செய்தி சொன்னவர் அடக்க நேரத்தையும் சொல்லியிருக்கிறார். என் காதில் ஏறவில்லை. மறுபடி போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.

சிவகாசியில் எங்கள் இன்ஜினியரின் மாடி ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் இடத்தை அளந்து நோட்டில் எழுதி வருவேன். அவள் அதைக் கம்ப்யூட்டரில் வரைவாள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து அம்மாவோடு கம்பெனி வேனில் வருவாள். அவளை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவோடு வேன் பட்டாசு ஆலைக்குப் போகும்.

வரைகிற சாஃப்ட்வேர் வந்த புதிதில் இன்ஜினியர் தாமே உட்கார்ந்து, பத்தடி அறைக்குப் பத்து என்று மட்டும் அடித்தார். அடி என்ற குறி போடாவிட்டால் அதற்கு எல்லாம் அங்குலம்தான். அறை பத்து அங்குலத்தில் வந்து நின்றது. பேச்சி எட்டிப் பார்த்து, "இதுல ஒரு கோழியக்கூட அடைக்க முடியாது சார்" என்றாள். அவரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து பட்டாசு ஆலைப் படமெல்லாம் அவள் கைக்குப் போயிற்று. அடி இத்தனை, அங்குலம் இத்தனை என்று ஒவ்வோர் அளவையும் வாய்விட்டுச் சொல்லியே அடிப்பாள். நாங்கள் கேலி செய்வோம், கண்டுகொள்ள மாட்டாள்.

இனி, நான் சொல்லாமல் வைத்திருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன், தன் அக்காவின் வளைகாப்புக்கு அவள் இரண்டு நாள் லீவு. தீபாவளி சீசனுக்குள், பட்டாசு செய்யும் தனித்தனி அறைகளான செட்டுகளை எழுப்ப வேண்டும் என்று ஓர் ஆலை முதலாளி அவசரப்பட்டார். நானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் குறி போடச் சோம்பல்பட்டு, கம்ப்யூட்டரின் அளவு முறையைத் தசம அடிக்கு மாற்றிக்கொண்டேன். பத்தடி ஒன்பது அங்குலத்தை 10.9 என்று எழுதுவது நம் ஊரில் கொத்தனார் முதல் எல்லாருக்கும் வழக்கம். என் நோட்டிலும் அப்படித்தான். அதை அப்படியே அடித்தேன். கம்ப்யூட்டருக்கு அது பத்தடியும், ஓர் அடியில் பத்தில் ஒன்பது பங்கும். அதாவது கிட்டத்தட்டப் பதினோரு அங்குலம். துண்டு துண்டாக அளந்த மனையில் துண்டுக்குத் துண்டு கொஞ்சம் கூடி, தரையில் இல்லாத ஒன்றரை அடி காகிதத்தில் வந்துவிட்டது. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் வழக்கம்போல அவள் பெயர்.

லீவு முடிந்து வந்தவள் படத்தின் நகலை எடுத்து அளவுகளைக் கூட்டிப் பார்த்தாள். என் நோட்டையும் வாங்கிப் பார்த்தாள். படத்தில் உள்ளபடி கட்டினால், கடைசி இரண்டு செட்டுக்கு நடுவே விதிப்படி விட வேண்டிய இடைவெளியில் ஒன்றரை அடி குறையும். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாமல் இருக்க விடுகிற இடம் அது. அங்கே அஸ்திவாரக் குழி தோண்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

"யாரு அடிச்சதுன்னு பெறகு பாத்துக்கிடலாம்ணே. மொதல்ல குழி தோண்டுறத நிப்பாட்டச் சொல்லுங்க."

முதலாளி ஆபீஸுக்கே வந்து, ஒன்றரை அடிக்கா இத்தனை கூத்து என்று சத்தம் போட்டார். "அந்தச் செட்டுல எங்கம்மா மாதிரி ஆளுக உக்காந்திருப்பாக. அவுகளுக்கு அந்த ஒண்ணரை அடி வேணும் சார்" என்றாள். கடைசியில் எண்ணிக்கையில் ஒரு செட்டைக் குறைத்துத்தான் கட்டினார்கள்.

முதலாளி போனதும், நான் வரைந்தது தெரியாத இன்ஜினியர் படத்திலிருந்த பெயரைப் பார்த்து அவளைத்தான் திட்டினார். பட்டாசு ஆலை வேலையை அவளிடமிருந்து எடுத்துவிட்டு, வீட்டு ப்ளான் மட்டும் கொடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் எப்போதும்போல, "சாப்ட்டீகளாண்ணே?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடக்கத்தன்று கூட்டம் கலைந்த பிறகு அவள் அம்மாவிடம் போய், அந்தத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்யா. அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டா. நீங்களா ஒரு நா சொல்லிருவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தா."

இந்த ஐந்து வருஷமும் அவள் என்னை நம்பிக் காத்திருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் சொல்கிறேன்: அந்தப் படத்தை வரைந்தவன் நான். பேச்சியம்மாள் ஓர் அளவைக்கூடத் தப்பாக அடித்ததில்லை.