சவரிமுத்து அங்கிளின் இடது கால்

எங்கள் தொழிலில் திட்டு வாங்காமல் ஒருவரையும் நடக்கவைக்க முடியாது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் "காலைத் தூக்குங்க" என்போம். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு மறுபடியும் "காலைத் தூக்குங்க" என்போம். மூட்டு வலியோடு மாடிப்படியை முறைத்துப் பார்க்கும் அன்பர்களே, நீங்களும் என்னைப் போன்ற ஒரு ஃபிசியோவை மனதுக்குள் சபித்திருப்பீர்கள். போகட்டும், சாபமெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது சவரிமுத்து அங்கிளின் கால் மட்டும்தான்.

பத்து தடவை

அங்கிள் மலாக்காவில் உம்பாய்க்காரர். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றி இடது பாதம் கறுத்துப்போனதால் முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்குள் தொடைக்கும் கைக்கும் கொஞ்சம் பலம் ஏற்றச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நடந்து போக முடியுமா? "அங்க என்னைத் தூக்கிட்டுப் போற நாளு ஒன்னு வரும் மிஸ்ஸி. அதுவரைக்கும் நான் நடந்துதான் போவேன்" என்றார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதான், நானும் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். முட்டி மட்டும் தப்பித்தால் பொய்க்கால் போட்டுத் தாராளமாக நடக்கலாம் என்று தைரியம் சொன்னேன்.

அன்றைக்கு நல்ல கூட்டம். பழக்க தோஷத்தில், எல்லாருக்கும் கொடுக்கிற தாளையே அவருக்கும் நீட்டிவிட்டேன். இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் அசைக்க வேண்டும், மணிக்குப் பத்து தடவை, ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்று அதில் இருக்கும். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "போகப்போற காலுக்குமா?" என்று கேட்டார். அடுத்த ஆளின் அட்டையைப் பார்த்துக்கொண்டே "ஆமா அங்கிள், ரெண்டுக்கும்" என்று சொல்லிவைத்தேன். புத்தி எங்கே போயிற்றோ. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "செஞ்சிடுவோம்லா. நீங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் செய்றேன்."

போர்வைக்குள்ளே

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி லூர்து ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். எடுத்த காலை அங்கிளின் தம்பி அந்தோணி பெட்டியில் வைத்து வாங்கிப்போய், கல்லறைத் தோட்டத்தில் அங்கிளுக்கென்று வைத்திருந்த இடத்தில் புதைத்தாராம். ஃபாதர் வந்து சின்னதாக ஒரு ஜெபமும் சொன்னாராம். ஆன்ட்டிக்கும் அங்கிளுக்கும் ஆஸ்பத்திரி, அதனால் இருவருமே அங்கே போகவில்லை. நான் இந்துக் கோயிலுக்குப் போகிறவள், காலுக்கு அடக்கம் என்பது எனக்குப் புதிது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

உள்ளே அங்கிள் மேலே பார்த்தபடி படுத்திருந்தார். போர்வையின் இடது பக்கம், கட்டு முடிகிற இடம், மெல்ல எழும்புவதும் தாழ்வதுமாக இருந்தது. வெட்டின இடத்தில் தசை துடிக்கும், அது படித்த விஷயம்தான். ஆனால் துடிப்பு தாறுமாறாக இருக்கும், இப்படித் தாளம் தப்பாமல் இருக்காது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் உதட்டில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

"வலது பக்கம் முடிச்சிட்டேன் மிஸ்ஸி. இடதுல இது ஏழாவது."

பட்டப்பகலில்

வீட்டுக்குப் போன பத்தாம் நாள் விழுந்துவிட்டார். பட்டப்பகல், மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவ எழுந்தவர், வாக்கரைத் தொடாமல் இடது காலை ஊன்றியிருக்கிறார். தையல் இரண்டு விரற்கடை பிரிந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி விழுந்தால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முட்டி போனால் நவம்பர் போச்சு. இல்லாத காலை இருக்கிற மாதிரி பழக்கிவிட்டவள் நான்தானே!

அங்கிளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். தப்பு என்னுடையது, இடது பக்கத்துக்கு இனிமேல் வேண்டாம், நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, சரி என்றார். இருந்தாலும் திட்டு எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்? "வாக்கரை எடுத்துக் கையில கொடுத்திருக்கலாமே ஆன்ட்டி, இப்படி விழ விட்டுட்டீங்களே" என்று வாயைக் கொடுத்தேன். ஆன்ட்டி என்னைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உடனே விழலம்மா. முதல்ல நின்னாரு. ரெண்டு காலுல நிக்கிற மாதிரியே நேரா நின்னாரு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

நகமில்லாத விரல்

நிறுத்தச் சொன்னேன் அல்லவா, அன்றிலிருந்து வலி ஆரம்பித்தது. இல்லாத பாதத்தின் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை என்று அழுதார். இதற்குக் கண்ணாடி வைத்தியம் ஒன்று உண்டு. இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தினால், வலது காலின் பிம்பம் இடது கால் இருந்த இடத்தில் தெரியும். வலது விரல்களை மடக்கி விரித்தால் இடதும் விரிவதாக மூளை நம்பிவிடும். அங்கிள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது என் கால் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எவ்வளவோ கெஞ்சியும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார்.

காரணத்தை ஆன்ட்டிதான் சொன்னார். ஒருமுறை செம்பனைக் குலை விழுந்து இடது கட்டைவிரலில் நகமே போய்விட்டதாம், பிறகு முளைக்கவே இல்லையாம். மறுநாள் ஆன்ட்டியே அங்கிளின் வலது கட்டைவிரல் நகத்தை மறைத்துத் தோல் நிறப் பிளாஸ்டர் ஒட்டி அழைத்து வந்தார். கண்ணாடியில் நகமில்லாத விரல் தெரிந்தது. அங்கிள் மூச்சை இழுத்துப் பிடித்தார். விரல்களை மெல்ல விரித்தார், மடக்கினார், விரித்தார். ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

"வந்திடுச்சு மிஸ்ஸி. கொஞ்சம் மண்ணா இருக்கு, ஆனா வந்திடுச்சு."

வெயிலும் ஈரமும்

அதற்குப் பிறகு மளமளவென்று தேறினார். தையல் ஆறியது, பொய்க்கால் வந்தது, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை பழகினோம். அப்படி ஒருநாள் பாதி வழியில் நின்று, இடது கால் நனைகிறது என்றார். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். பொய்க்காலைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஆன்ட்டி அந்தோணிக்குப் போன் போட்டார். அவர் வீடு கல்லறைத் தோட்டத்துக்கு எதிரில் இருக்கிறது, அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம்.

மலாக்காவில் மழைக்கு என்ன பஞ்சம், ஒரு தெருவில் பெய்யும், அடுத்த தெருவில் காயும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆன்ட்டி அலட்டிக்கொள்ளவே இல்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் காயப்போட்ட துணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்: "அங்க மழைன்னா இவருக்குத் தெரிஞ்சிடும். கூரை இல்லல்ல."

கல்லறைத் திருநாள்

நவம்பர் வந்தது. தரை மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் நானும் கூடப் போனேன். சாயங்காலம், தோட்டம் முழுக்க மெழுகுவத்தி, செவ்வந்தி, ஜனம். அங்கிள் தொங்காட்டை, அதுதான் கைத்தடியை, ஊன்றிக்கொண்டு கேட்டிலிருந்து தார் ரோட்டில் நடந்தார். புல்லில் இறங்கியபோது கைகொடுக்கப் போன அந்தோணியைத் தடுத்துவிட்டார். ஒருவர் கையையும் பிடிக்காமல் நடந்தே போய்ச் சேர்ந்தார். என் தொழிலில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை.

அவருடைய அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் புல்தரை. கால் இருக்கும் இடத்தில் அந்தோணி அடையாளத்துக்கு ஒரு செங்கல் வைத்திருந்தாராம். புல் வெட்டியவர்கள் அதை எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். இங்கே என்று ஆன்ட்டி, இல்லை அங்கே என்று அந்தோணி, கையில் மெழுகுவத்தியோடு இருவரும் தர்க்கம் செய்தார்கள். குடும்பம் ஜெபம் சொல்லட்டும் என்று நான் அங்கிளின் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போய் நின்றேன். அவர் அப்பாவின் சிலுவையைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். பாதி ஜெபத்தில் நிறுத்தினார். திரும்பவில்லை, கண்ணையும் திறக்கவில்லை.

"மிஸ்ஸி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கால் மேல நிக்கிறீங்க."

எடுத்த கால் இன்னும் இருப்பதாகத் தோன்றுவதற்குப் பாடப்புத்தகத்தில் நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன், ஆனாலும் அன்றிலிருந்து எந்தக் கல்லறைத் தோட்டத்திலும் நான் தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்குவதில்லை.