ஆறு லேத்துக்குப் பதில் ஒரு மெஷின்: ஃபரிதாபாத் பயணம்

வெள்ளி காலை 11.20க்கு அம்பத்தூர் ஆபீஸ் போனில் மாமனார் பேசினார். என் மனைவியின் தம்பி முரளி லேத் ஓட்டும் டர்னராக இருந்த டில்லி ஓக்லா பட்டறையை மூடிவிட்டார்கள். மனைவி இறந்து ஏழு மாதம். பட்டறைச் செய்தி கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தேன்.

புது டில்லி ஸ்டேஷனிலிருந்து மாமனார் வீடு, புசா ரோடு, ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். குளிராக இருக்கிறது, ஸ்வெட்டர் அவசியம்.

மறுநாள் முரளியோடு ஃபரிதாபாத். இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். டில்லி ஊருக்குள் ஆலை கூடாது என்று கோர்ட் சொன்னதும் ஓக்லா பட்டறை முதலாளி அங்கே போய்விட்டார். பழைய ஆறு லேத்தையும் விற்றுவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும் ஒரே மெஷின் வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்ட மெஷின்களை நிறுவுவதுதான் என் வேலை.

அங்கிருந்த ஃபோர்மேன் முரளியை அந்த மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். பாதி வெட்டில் முரளி மெஷினின் காப்புக் கதவைத் திறந்தான். மெஷின் நின்றுவிட்டது.

"அரே மதராசி, இது உன் பழைய லேத்தா, கை வெச்சுப் பாக்க?" என்று ஃபோர்மேன் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

"சத்தம் சரியில்ல அத்தான், டூல் முனை போயிருக்கு," என்றான் முரளி என்னிடம்.

குனிந்து பார்த்தேன். போயிருந்தது. ஃபோர்மேனிடம் காட்டினேன்.

"அச்சா, காது இருக்கு. பட்டன் தெரியலையே! பழகிட்டு சனிக்கிழமை பத்து மணிக்கு டெஸ்டுக்கு வரட்டும். இருக்கறது ஒரே இடம்."

டில்லியில் வேலையில்லாதவர்களைச் சோம்பேறிகள் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. வேலை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, ஆறு பேர் இடம் ஒன்றாகியிருக்கிறது, புதியதைக் கற்றுத்தர யாருக்கும் நேரமில்லை. கடைசிக் காரணத்தை மட்டும் என்னால் சரிசெய்ய முடியும்.

வேலை தேடி வருகிறவர்கள் ஐ.டி.ஐ. சான்றிதழின் அசலைக் கொண்டுவாருங்கள். ஃபரிதாபாத் பஸ்ஸை ஏழுக்கு முன் பிடியுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அட்டையில் மெஷினின் பட்டன்களை வரைந்து முரளிக்குப் பழக்குகிறேன். வேகமாகப் பிடித்துக்கொள்கிறான். புனேயில் புது மெஷின் நிறுவ உடனே கிளம்பச் சொல்லி ஆபீஸிலிருந்து நான்கு முறை கூப்பிட்டார்கள். சனிக்கிழமை வரை வர முடியாது என்று சொன்னேன். ஐந்தாவது முறையும் அடித்தது. மொபைலை அணைத்துவிட்டேன்.