லேபிள் மேடம்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட்டின் முதுகை மூக்கருகே கொண்டுபோய்ப் படிக்கிறார் லேபிள் மேடம். உப்புப் பாக்கெட்டாக இருந்தாலும் அப்படித்தான். "முன்பக்கம் படத்தைப் போட்டு ஏமாத்துவான் சார். பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும்" என்பார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் வேலை. அங்கே பேசித் தீராத மிச்சம் முழுக்க எங்களுக்கு.

எங்கள் கட்டடத்தில் சில வீடுகள் சேர்ந்து ஒரே கணக்கில் ஆன்லைனில் மளிகை வாங்குகிறோம். தனித்தனியாக வாங்கினால் டெலிவரிக்குத் தண்டம் அழ வேண்டும். அவரவர் போனிலிருந்து கூடையில் போடலாம். யார் எதைப் போட்டார் என்று ஆப் காட்டாது. ஆனால் ஆர்டர் போகுமுன் மேடம் ஒருமுறை மேய்ந்துவிடுவார். என்னுடைய சிப்ஸ் பாக்கெட் அப்படித்தான் காணாமல் போகும். பதிலுக்கு ஓட்ஸ் வந்து நிற்கும். "உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்?" என்பார். என் ரத்தக்கொதிப்பு இறங்கியது அவரால்தான் என்பதால் வாயைத் திறக்க முடியாது. பிறந்தநாள் விருந்துக்கு வந்தாலும் கேக்கை ஓரம் தள்ளிவிட்டு வெள்ளரிக்காய் கடிக்கிற மனுஷி.

போன வாரம் பைகள் வந்ததும் லிஃப்ட் முன்னால் கூடிப் பிரித்தோம். கீரை, முட்டை, சோப்பு எல்லாம் கைமாறிய பிறகு, ரொட்டியில் தடவுகிற சாக்லேட் க்ரீம் பாட்டில் ஒன்று தரையில் தனியாக நின்றது. இருப்பதிலேயே பெரிய பாட்டில். யாரும் கை நீட்டவில்லை.

எல்லார் கண்ணும் தையல்கார அக்கா மேல் போயிற்று. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. மேடம் சொல்கிறபடிதான் சாப்பாடு.

"மேடம் பார்த்ததுக்கு அப்புறம் நைசாச் சொருகிட்டீங்களா, அத்தை?" என்றாள் அக்காவின் மருமகள்.

"சத்தியமா நான் போடலம்மா."

"பொய் வேற. இனிமே போன் உங்க கையில கிடையாது."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. வாடிக்கையாளர் நம்பர், ஜாக்கெட் அளவு, டிசைன் எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கின்றன. அது போனால் தையலும் போச்சு.

மேடம் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "பாதிக்கு மேல சர்க்கரைதான்க்கா இதுல. நூறு கிராமுக்கு அம்பத்தாறு."

கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. பாட்டிலை அவர் தொடக்கூட இல்லை.

உப்பைக்கூடப் படித்துத்தான் சொல்பவர். எனக்கு உறைத்தது. அக்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து மேடத்தை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. குனிந்து பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமா, நான்தான் போட்டேன். விடுங்க."

மருமகள் கையை நீட்டினாள். அக்கா போனைக் கொடுத்துவிட்டார். மேடத்தின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே உடம்பு கூசியது.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. மேடம் ஏறவில்லை. மருமகளிடமிருந்து போனை வாங்கி அக்கா கையில் வைத்தார். அக்காவின் பைக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார்.

"என்னோடது" என்றார்.

அவர் பையில் கீரைக்கு அடியில் நிறைய இடம் இருந்தது. அங்கே வைக்கவில்லை. முன்பக்கப் படம் எல்லாருக்கும் தெரியும்படி பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டி மாடிப்படி ஏறிப் போனார்.