பீட்ரூட் சாற்றில் கலந்த தூள்

என் மனைவியின் முழங்கால் அறுவை இருமுறை தள்ளிப்போயிற்று. இருமுறையும் காரணம் அவளது குருதியழுத்தம். தில்லை நகர் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் அளவைப் பார்த்துவிட்டு, "இன்னும் இறங்கணும்மா" என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை குறித்த நாளையொட்டி எங்கள் ஒரே மகள் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்தாள். அதற்குமேல் ஒரு நாளும் அவளுக்குக் கிடைக்காது. குளியலறைக்குச் செல்வதற்கே ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பற்றி நடந்துகொண்டிருந்த மனைவிக்கு, அறுவைக்குப் பின் உடனிருந்து கவனிக்க வேறு யாரும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் எண் இறங்கியாக வேண்டும்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். ஐயம் எழுந்தால் நூலைத் திறப்பது என் வழக்கம். நாள் குறித்த அன்றே, மகள் வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே, அழுத்தத்தைப் பற்றியும் படிக்கத் தொடங்கியிருந்தேன். குருதிக்குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடு என்றொரு வளியைச் சுரக்கிறது. அது குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. முதுமையில் அச்சுரப்பு குறைகிறது. பீட்ரூட்டிலும் கீரைகளிலும் உள்ள நைட்ரேட் உடலுக்குள் சென்று அக்குறையை ஓரளவு நிரப்புகிறது. இவ்வளவும் தெளிவாகப் புரிந்தது. புரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியே பின்னர் என்னைக் கெடுத்தது.

நாள்தோறும் காலையில் ஒரு குவளை பீட்ரூட் சாறு, நண்பகல் ஒரு கீரை, உப்பில் பாதி என்று முறை வகுத்தேன். மனைவி முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

"இதைக் குடிச்சா வாயெல்லாம் வெத்தலை போட்ட மாதிரி செவந்து கெடக்கு. பக்கத்து வீட்டம்மா, என்னங்க காலைலயே தாம்பூலமான்னு கேக்குறாங்க."

"எண் இறங்குதா இல்லையா, அதைப் பாரு."

மெல்ல இறங்கவும் செய்தது. நூற்று அறுபத்தைந்தில் நின்ற மேலெண், மகள் வந்து சேர்ந்தபோது நூற்றைம்பதை ஒட்டி வந்தது. அத்துடன் நான் அமைந்திருக்கலாம். ஆயின் அறுவைக்கு முந்தைய சோதனைக்கு ஆறு நாள்களே எஞ்சியிருந்தன. தில்லை நகரில் சத்துப்பொருள் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். "ஜிம்முக்குப் போற பசங்க நெறைய பேர் வாங்குறாங்க ஐயா. நீங்க சொல்றீங்கல்ல, அதேதான். நைட்ரிக் ஆக்ஸைடை ஏத்தும்."

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க எடுத்துக்கலாமா?"

"யாருக்குங்க ஐயா, உங்களுக்கா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

கேட்டுக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

வீட்டிற்கு வந்த பின்னரே புட்டியின் ஓரத்தில் அசைவத்தைக் காட்டும் பழுப்பு நிறக் குறியைக் கண்டேன். தூளை அடைத்திருந்த கேப்ஸ்யூலின் கூடு விலங்கெலும்பிலிருந்து எடுத்த பசையால் ஆனது. பிஸ்கட் பொட்டலத்தில்கூடப் பச்சைக் குறியைத் தேடிப் பார்த்தபின்பே வாங்குபவள் என் மனைவி. முட்டை சேர்ந்த கேக்கைத் தட்டோடு திருப்பி அனுப்பியவள். அவளிடம் இதைக் காட்டவே முடியாது. கூடுதான் அசைவம், உள்ளிருக்கும் தூளுக்கு என்ன குற்றம் என்று எனக்கு நானே ஓர் உரை எழுதிக்கொண்டேன். நாள்தோறும் என் படிப்பு மேசையில் ஒரு கூட்டைப் பிரித்து, தூளைப் பீட்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தேன். புட்டி அகராதித் தொகுதிகளுக்குப் பின்னே ஒளிந்திருந்தது. குருதியழுத்த மருந்து உண்போர் மருத்துவரைக் கலந்தே இதனைப் பயன்படுத்த வேண்டும் என்று அதன் முதுகில் சிற்றெழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை நான் படித்தேன்.

சோதனைக்கு முந்தைய நாள் ஏகாதசி. உடம்பு இப்படி இருக்கும்போது நோன்பு எதற்கு என்று மகள் தடுத்துப் பார்த்தாள். "கால்தான் போச்சு, நாக்குமா போச்சு? என்னால அடக்க முடியும்" என்றாள் தாய். மாத்திரைக்கென ஒரு மிடறு நீர் தவிர அன்று முழுதும் எதுவும் அருந்தவில்லை. சாற்றையும் மறுத்துவிட்டாள்.

ஒரு நாள் விட்டுப்போயிற்றே என்ற பதற்றம் என்னைப் பற்றிக்கொண்டது. மறுநாள் பத்து மணிக்குச் சோதனை. துவாதசி விடியலில் மகள் அகத்திக்கீரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். மனைவி நாற்காலியில் அமர்ந்து உப்பளவு சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் சென்று இரண்டு கூடுகளைப் பிரித்தேன். நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று. விடுபட்ட பாடத்தை மறுநாள் சேர்த்து நடத்தும் ஆசிரியப் பழக்கம்.

தீர்த்தம் கொண்டபின் வழக்கமான மாத்திரையை விழுங்கினாள். சாற்றைக் குடித்தாள். கீரை இரண்டு வாய் உண்டாள். பின்னர் என்னென்னவோ பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கைகழுவ எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை. மகள் தாங்கிப் பிடித்திராவிட்டால் தலை அடுப்பு மேடையில் மோதியிருக்கும்.

"அப்பா! அம்மா கை ஜில்லுனு இருக்குப்பா!"

அழுத்தமானியைச் சுற்றினேன். முதல்முறை பிழை காட்டியது. இரண்டாம் முறை மேலெண் எழுபத்தெட்டு. எந்த எண் இறங்க வேண்டுமென்று பல நாளாகக் காத்திருந்தேனோ அந்த எண் இறங்கியிருந்தது.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியபோது எதிரும் புதிருமாகப் பேருந்துகள். தாயை மடியில் சாய்த்துக்கொண்டு மகள் மருத்துவமனையோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தாள்.

"அப்பா, காலைல என்னென்ன குடுத்தோம்னு கேக்குறாங்க. மாத்திரை சொல்லிட்டேன். வேற?"

"பீட்ரூட் சாறு" என்றேன், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

அவசரப் பிரிவில் இளம்பெண் மருத்துவர் ஒருவர். கால்பக்கம் கட்டிலை உயர்த்தி, நரம்பில் உப்புநீர் ஏற்றச் செய்தார். இதயத்துடிப்புப் படம் எடுத்தார்கள். அதன்பின் என்னிடம் வந்தார்.

"ஐயா, மாத்திரை தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, பவுடர், இப்படி எதுனாச்சும்?"

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் மனைவியின் இமைகள் அசைந்தன.

"இல்லைம்மா" என்றேன்.

அவ்வளவு தெளிவாக என் வாழ்நாளில் நான் பொய் சொன்னதில்லை.

மருத்துவர் மகளிடம் திரும்பினார். "நோன்பு இருந்ததுனால கொஞ்சம் கொறையும். ஆனா இவ்வளவு கொறையக் கூடாது. அதனால இதயத்தை முழுசாப் பாக்கணும். தேவைப்பட்டா ஆஞ்சியோ. முழங்கால் ஆபரேஷனை இப்போதைக்கு மறந்துடுங்க."

மனைவியின் குரல் கட்டிலிலிருந்து மெல்ல வந்தது. "அப்ப என் கால் இப்படியேதானா?"

அதற்கு விடை என் சட்டைப்பைக்குள் இருப்பதுபோல் உணர்ந்தேன்.

"டாக்டரம்மா, கொஞ்சம் நில்லுங்க. நான் சொன்னது உண்மை இல்லை."

புட்டியைக் கொண்டுவரத் தேவையே இருக்கவில்லை. அதன் மேலிருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். சேர்மானம், ஒரு கூட்டின் எடை, உண்ணும் முறை, அனைத்தையும் வரிசையாக ஒப்பித்தேன். இன்று இரண்டு பங்கு கலந்ததையும் சொன்னேன். இறுதியாக அந்த எச்சரிக்கை வரியையும் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்த மருத்துவரின் கை நின்றது. "இவ்வளவும் ஞாபகம் இருக்கு. அந்தக் கடைசி வரி மட்டும் எப்படிங்க ஐயா விட்டுப்போச்சு?"

"விட்டுப்போகலைம்மா."

அவர் கடிந்துகொள்ளவில்லை. பீட்ரூட்டும் கீரையும் நல்லவையே, அளவோடு தொடரலாம் என்றார். ஆயின் மாத்திரையும் குழாயைத் தளர்த்துகிறது, சாறும் தளர்த்துகிறது, அந்தத் தூளும் தளர்த்துகிறது. வெறும் வயிற்றில், நீர் வற்றிய உடம்பில் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மூளைக்குக் குருதி ஏறாது என்று விளக்கினார். மகள் வெளியே போய் நின்றாள்.

மனைவி கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "கூட்டை எங்க வெச்சுப் பிரிச்சீங்க? என் சமையக்கட்டுலயா?"

"இல்லை. படிக்கிற மேசைல."

"நல்ல வேளை. என்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

"வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. அதனாலதானே கேக்கலை."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்புநீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். மாலைக்குள் மேலெண் நூற்றுப் பத்தைத் தாண்டியது. இதயத்தில் பழுதில்லை.

அறுவை கைவிடப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. தூள் உடம்பைவிட்டு நீங்கி அளவு நிலைப்பட வேண்டும் என்றார்கள். அதற்குள் மகளின் விடுப்பு தீர்ந்தது. புறப்படும் நாளில், அம்மாவை எப்படி எழுப்புவது, எப்படிக் கழிவறையில் அமர்த்துவது, எந்தக் காலை முதலில் எடுத்துவைக்கச் சொல்வது என்று எனக்கு நின்று பாடம் நடத்தினாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். பேருந்து ஏறும்வரை அவள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அறுவை நடந்தது. இப்போது மனைவி நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு கூடத்தில் எட்டடி நடக்கிறாள். பீட்ரூட் சாறு நின்றது. வாரத்தில் இருநாள் அவளே நாற்காலியில் அமர்ந்து பீட்ரூட்டைத் துருவிப் பொரியலாக்குகிறாள். மாத்திரை வேளையில் நான் அட்டையை நீட்டினால் கை நீட்டமாட்டாள்.

"படிங்க."

பெயரைப் படிக்கிறேன்.

"அதுக்குக் கீழ சின்னதா இருக்கே, அது?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதையும் உரக்கப் படிக்கிறேன். கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டே தண்ணீருக்குக் கை நீட்டுகிறாள்.